ஓராள் குறையுது

புது மெமரி போட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் உறைந்து உறைந்து நின்றது. பாட்டு ஃபோல்டரைத் திறந்தாலே மவுஸ் அசையாது.

என் கணவர் ஜக்கையன் போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டியவர். ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் கேட்க, இந்தக் கம்ப்யூட்டரில்தான் பென்டிரைவில் பாட்டு ஏற்றுவார். மலையேறும் முன் ஆட்களை எண்ணுவார். ஒவ்வொரு முறையும் தன்னைச் சேர்க்க மறந்துவிட்டு, "ஓராள் குறையுதே ஆத்தா" என்று தேடுவார். பெண்கள் சிரிப்பார்கள். போன ஆடியில் ஜீப் உருண்டதில் அவர் மட்டும் இறந்தார்.

ரிப்பேருக்கு முத்துக்கண்ணன் வந்தபோது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். பழைய மெமரி நாலு ஜிபி, புதியதும் நாலு. திரை பன்னிரண்டு என்று காட்டியது.

"நாலு கூடக் காட்டுதேக்கா."

புதியதைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டான். எட்டு என்றது. பழையதையும் கழற்றினான்.

"ரெண்டும் இல்லேன்னா கெளம்பவே கெளம்பாது. பீப் சத்தந்தான் வரும், பாருங்க."

சுவிட்சைப் போட்டான். கம்ப்யூட்டர் கிளம்பியது. நாலு என்று காட்டியது. பாட்டு ஃபோல்டர் திறந்தது. மவுஸ் எங்கும் நிற்காமல் நகர்ந்தது.

முத்துக்கண்ணன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். இரண்டு மெமரியும் அங்கேதான் இருந்தன.

"எதைக்கா எண்ணுது இது?"

"ஓடுதுல்ல தம்பி? அப்படியே மூடிரு. காப்பி கொண்டாறேன்."

அடுப்படியில் டம்ளர்களை எடுத்து வைத்து ஊற்றினேன். பிறகுதான் எண்ணினேன். மூன்று இருந்தன.

இந்த முறை யாரும் குறையவில்லை.