வாத்தியாரைக் கேளு!

"யாசென்கா, உன் புருஷனை வெச்சு அந்தக் காபிக்கடையில தினமும் கூத்தடிக்கிறாங்க. உனக்குத் தெரியுமா தெரியாதா?"

மாடிப்படியில் வழிமறித்துக் கேட்டாள் கீழ்வீட்டு ரூஜா.

"என்ன கூத்து?"

"குறுக்கெழுத்துக்கு உதவி கேக்குறாங்களாம், உதவி! நம்ம திராவா ஆறு எந்த நதியில போய்ச் சேருதுன்னு கேக்குறாங்க. இந்த ஒசியெக் ஊருல பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவரு 'டான்யூப்'னு சொன்னதும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாங்க. என் கண்ணால பாத்தேன்."



யாசென்காவின் கணவர் ஸ்வொன்கோ காலமெல்லாம் புவியியல் வாத்தியாராக இருந்தவர். அந்த ஆற்றங்கரைக் காபிக்கடையில் இருப்பது ஒரே ஒரு பேப்பர். மரக்கழியில் மாட்டித் தொங்கும். ஒருவர் உரக்கப் படிக்க, கடையே சேர்ந்து குறுக்கெழுத்தை நிரப்பும். தெரியாத ஊரோ மலையோ வந்தால் "வாத்தியாரைக் கேளு!" என்பார்கள்.

அதெல்லாம் அப்போது. போன குளிர்காலத்திலிருந்து அவருக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தது. டாக்டருக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை அவளுடைய பெயரே அவருக்கு வரவில்லை. "இந்தா... இவளே... அந்த ஜாமை எடு" என்று சமாளித்தார். சமாளிக்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? கொஞ்ச நாளாகக் காலையில் இந்தத் தடுமாற்றம்தான்.

ஆனால் ஓர் அதிசயம். மதியம் காபிக்கடையிலிருந்து திரும்பும்போது மட்டும், வாசலில் நின்று "யாசென்கா!" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். ஆற்றங்கரைக் காற்றின் மகிமை என்று நினைத்துக்கொள்வாள். என்றைக்காவது அந்தக் குரலும் வராமல் போய்விடுமோ என்பதுதான் அவளுடைய பயமெல்லாம்.

அப்படிப்பட்ட மனுஷனை வைத்தா விளையாட்டு? கோட்டை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று கிளம்பிவிட்டாள்.

கடைக்குள் ஸ்வொன்கோ வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே, டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற ஸ்திபான், பேப்பரைக் கழியோடு தூக்கிப் பிடித்திருந்தான்.

"வாத்தியாரே, பிரான்சோட தலைநகரம்?"

"பாரிஸ்!"

"அடி சக்கை!" மேசைகள் அதிர்ந்தன. சிரிப்பு.

"ஸ்பெயின்?"

ஸ்வொன்கோ வாயைத் திறந்தார். மூடினார். விரல்கள் காபிக் கோப்பையைத் தடவின.

"அடடா, நான் ஒரு முட்டாள்," ஸ்திபான் நெற்றியில் அடித்துக்கொண்டான். "கண்ணாடி போடாம தப்பாப் படிச்சுட்டேன். அப்படி ஒரு கேள்வியே இல்ல வாத்தியாரே."

பேப்பரை மடக்கிக் கடைக்காரன் திஹோமிரிடம் நீட்டிவிட்டு, வாத்தியாருக்கு ஒரு கேக் சொன்னான்.

யாசென்கா நேராகத் திஹோமிரிடம் போய் அந்தப் பேப்பரைப் பிடுங்கினாள். பார்த்தவளுக்கு ரத்தம் கொதித்தது. குறுக்கெழுத்தில் ஒரு கட்டம் பாக்கியில்லை. எல்லாமே பேனாவால் எழுதி நிரப்பியாகிவிட்டது. கேள்விகளிலும் பிரான்ஸ் கிடையாது, ஸ்பெயின் கிடையாது.

"எல்லாத்தையும் முடிச்சு வெச்சுட்டு அவர்கிட்ட என்ன கேள்வி? பொழுதுபோக்குக்கு அவர்தான் கெடைச்சாரா? வெக்கமா இல்ல உங்களுக்கு?" அடிக்குரலில் சீறினாள்.

திஹோமிர் பதறிப்போய் அவளைக் கல்லாவுக்குப் பின்னால் இழுத்தான்.

"அம்மா, மெதுவா. அவரு காதுல விழப்போகுது. ஒருநாள் விடை வரலைன்னு பேனாவைக் கீழ வெச்சுட்டு அழுதுட்டாரும்மா. 'இனிமே நான் எதுக்குடா இங்க வரணும்'னு கேட்டாரு. மறுநாளிலேருந்து அவரு வர்றதுக்குள்ள நாங்களே பேப்பர்ல இருக்கறதை முடிச்சுடுவோம். அப்புறம் அவருக்குத் தெரிஞ்சதா யோசிச்சு யோசிச்சுக் கேப்போம்."

"அப்ப எதுக்கு அந்தச் சிரிப்பு?"

"சரியாச் சொல்லிட்டா சந்தோஷத்துல சிரிக்காம என்னம்மா செய்ய? பள்ளிக்கூடத்துல என்னையும் அப்படித்தான் கரையேத்துனாரு. எனக்குத் தெரிஞ்ச கேள்வியாத் தேடித்தேடிக் கேட்டு பாஸ் போட்ட மனுஷன்."

ரூஜா பேச்சைக் கேட்டு இவர்களைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று யாசென்காவுக்குக் கூசியது.

அங்கே ஸ்வொன்கோ கேக்கை முடித்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" ஸ்திபான் மறித்தான். "இன்னும் ஒரு கட்டம் பாக்கி. இதுக்கு விடை சொல்லாம யாரும் உங்களை விடமாட்டாங்க."

"கேளுடா."

"நம்ம வாத்தியார் பொண்டாட்டி பேரு?"

"போடா போக்கிரி! பேப்பர்ல இதெல்லாமா கேப்பான்?"

"பேப்பர்க்காரனுக்கு வேற வேலை இல்ல. நீங்க சொல்லுங்க."

ஸ்வொன்கோ தொப்பியைக் கையில் சுழற்றினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. யாசென்கா கல்லா விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"யாசென்கா," என்றார். "யாசென்காடா!"

மேசைகள் அதிர்ந்தன. அப்பாடா என்று பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள் அவள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

திஹோமிர் அவள் முன்னால் ஒரு காபியை வைத்துவிட்டுக் குனிந்து மெல்லச் சொன்னான்:

"தினமும் கடைசியில இதைத்தான் கேப்போம்மா. வீட்டுக்குப் போறவருக்கு வாசல்ல நின்னு கூப்பிட ஒரு பேரு வேணுமில்ல?"