நூலகச் சாய்தளம்

எங்கள் பல்கலைக்கழக நூலக வாசலுக்கு நான் வரைந்து கட்டிய சாய்தளத்தின் சரிவு அத்தனை குறைவு. அதில் ஊற்றிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவதென்று சாப்பாட்டு நேரம்வரை யோசித்தது. திறப்பு விழாவுக்கு, ஆறடித் துணைவேந்தரின் நெஞ்சு உயரத்தில் ரிப்பன் கட்டியிருந்தோம். அதுவரை நாலு பேர் தூக்கிப் படியேற்றிய முதுகலை மாணவி இன்பவல்லி, சக்கர நாற்காலியில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வழக்கம்போலக் காவலாளி செல்லையா ஓடிவந்து நாற்காலியைப் பிடித்தார்.

“கைய எடுங்கண்ணே. இன்னிக்கு நானே போறேன்.”

தலையைக்கூடக் குனியாமல் ரிப்பனுக்கு அடியில் உருண்டு போய்விட்டாள். கத்தரிக்கோலும் கையுமாகத் துணைவேந்தர் என்னைப் பார்த்தார். நான் சாய்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

“என்ன சார், வெளியவே நின்னுட்டீங்க? உள்ள வாங்க!”