சிவப்புத் திட்டு

அடைமழை ஓய்ந்த காலையில் வந்த செயற்கைக்கோள் படத்தில் மலைச்சரிவு முழுக்கச் சிவப்பு. பூமிக்கடியில் வெந்நீர் ஊறிப் பாறை களிமண்ணான இடத்தைத்தான் கணினி அப்படிக் காட்டும். அங்கே தோண்டினால் தங்கம் கிடைக்கலாம்.

"யோகம் அடிச்சுடுச்சுய்யா," என்றார் மேலாளர். "இத்தனை நாளா நாயா அலைஞ்சோம். போன மாசப் படத்துல இது எப்படித் தப்பிச்சுது?"

நான் மறுபடி அக்காவுக்குப் போன் போட்டேன். மணியே அடிக்கவில்லை.

"அக்காவுக்கு நல்ல சேதி அப்புறம் சொல்லலாம். முதல்ல எனக்குப் பதில் சொல்லு."

"தப்பிக்கல சார். போன மாசம் அதுக்கு மேல காடு மூடியிருந்துச்சு."

"இப்போ காடு எங்க?"

"மண்ணோட சரிஞ்சு கீழ வந்துடுச்சு சார்." திரையில் மலையடிவாரத்தைத் தொட்டேன். அங்கேயும் சிவப்பு.

"இங்கதான் எங்கக்கா வீடு."