கீழ்வீட்டு ஒட்டடைக்கம்பு

“ஏங்க, கீழ இருந்து இடிக்கிறாங்க! போச்சு, நம்ம வீடு போச்சு!”

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். அவன் பாதி உடம்பை மேசைக்கு அடியில் நுழைத்திருந்தான். பாட்டு ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் தரைக்குக் கீழே டொக், டொக் என்று இரண்டு இடி. கீழ்வீட்டில் இருக்கும் ஓனரம்மாவின் ஒட்டடைக்கம்புதான்.

அவன் அவசரமாகச் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தான். மறுபடியும் டொக், டொக்.

“குறைச்சாலும் இடிக்கிறாங்களே!” என்றான் அவன்.

“இந்த மாசத்தோட அக்ரிமென்ட் முடியுது. புதுப்பிக்கறதப் பத்தி அந்தம்மா இன்னும் வாயே தொறக்கல. இப்பப் போய் இந்தக் கச்சேரி தேவையா?”

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. ஏழு மாதம் நாயாய் அலைந்து பிடித்த வீடு இது. மகளின் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில். முன்பு குடியிருந்தவர்களை ஓனரம்மா இரண்டே வருடத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவர்கள் வைத்திருந்த ஸ்பீக்கர்தான் காரணம் என்று எதிர்வீட்டு டிரைவர் சொல்லியிருந்தார். ஓனரம்மா அப்படியெல்லாம் யாரிடமும் வாய் விட்டுப் பேசுகிற ஆள் இல்லை.

ஆனால் அவனுக்கும் இன்றைக்கு விட்டால் நாளில்லை. கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டை ஆம்ப்ளிஃபையருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்க நடுவில் ஒரு சின்னப் பெட்டி வேண்டும். கடைக்காரர் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையரோடு கறுப்பில் ஒன்றும் வெள்ளி நிறத்தில் ஒன்றுமாக இரண்டு பெட்டிகளையும் தந்து, “வீட்ல மாட்டிக் கேளுங்க. பிடிக்காதத சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துடுங்க” என்றிருந்தார். ஒரு வாரமாக அந்த இரண்டு பெட்டிகளைப் பற்றிப் படித்துப் படித்தே அவன் கண் வீங்கியிருந்தது.

“பாட்டு வேற வயிறு ஒட்டிப்போன மாதிரி கேக்குது” என்று முனகியபடி டார்ச் அடித்துப் பார்த்தவன், தலையில் அடித்துக்கொண்டான். “அட, வலது ஸ்பீக்கர்ல சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாத்திச் சொருகியிருக்கேன்!”

“மாத்தினா என்னவாம்? சத்தம் வருதில்ல?”

“வரும். ஆனா ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது இன்னொண்ணு இழுக்கும். ரெண்டும் சேர்ந்து, மத்தளம் மாதிரி கனமா வர்ற அடிச் சத்தத்த முழுங்கிடும்.”

“நம்ம ரெண்டு பேர் மாதிரின்னு சொல்லுங்க.”

அவன் ஒயரைச் சரியாக மாட்டிவிட்டுக் கறுப்புப் பெட்டியில் அதே பாட்டை மெல்ல ஓடவிட்டான். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தார்கள். பாட்டு முழுதாக ஓடி முடிந்தது. கீழே சத்தமே இல்லை.

“குளிக்கப் போயிருப்பாங்க” என்றாள் மனைவி. “சட்டுபுட்டுன்னு முடிங்க.”

கறுப்பைக் கழற்றி வெள்ளியை மாட்டினான். சத்தத்தை அணுவளவும் கூட்டவில்லை.

“எது தேவலை? நீயே சொல்லு.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். உங்களுக்கு?”

அவனுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதை மனைவியிடம் ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. “இது கொஞ்சம்...” என்று இழுத்தபோது கீழே ‘டொக்’ என்று ஒரே ஒரு இடி. ஆனால் பலமான இடி.

“குளிச்சு முடிச்சுட்டாங்க” என்றாள் அவள்.

அவன் பாட்டை நிறுத்தினான். வெள்ளிப் பெட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். வருடக்கணக்காக ஆசைப்பட்டது.

“எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடறேன். பாப்பா ஸ்கூலு, நம்ம நிம்மதி, அதவிட இது பெருசில்ல.”

அவளுக்கு மனசு கேட்கவில்லை. “ஹெட்போன் வாங்கிக்கோங்க” என்று சொல்லிக்கொண்டே, அவனோடு சேர்ந்து ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

ஸ்பீக்கரை அட்டைப்பெட்டியில் இறக்கும்போது அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஓனரம்மா. மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. ஒரு கையில் ஒட்டடைக்கம்பு, மறு கையில் அக்ரிமென்ட் தாள். தாளைப் பார்த்ததும் மனைவி கணவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“மன்னிச்சுடுங்கம்மா” என்றான் அவன். “இதோ, எல்லாத்தையும் கட்டிட்டேன். இனிமே சின்னச் சத்தம்கூட கீழ வராது.”

“எதுக்குக் கட்டறீங்க?” ஓனரம்மா உள்ளே வந்து அட்டைப்பெட்டிகளை முறைத்தார். “கடைசியா மாட்டினீங்களே, அத மட்டும் கட்டுங்க தம்பி. பாடற பொண்ணுக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. அதுக்கு முந்தினதுதான் சுத்தம்.”

“அம்மா... நீங்க இடிச்சது சத்தத்துக்காக இல்லையா?”

“ஒயர் தப்புன்னு இடிச்சேன். நீங்க ஒயர விட்டுட்டு சத்தத்தக் குறைச்சீங்க. அதான் மறுபடியும் இடிச்சேன். அப்புறம் கரெக்டா புரிஞ்சுக்கிட்டு மாத்தினீங்க பாருங்க, அங்கதான் எனக்கு உங்களப் பிடிச்சுப்போச்சு. மூணு வருஷத்துக்கு எழுதியிருக்கேன், கையெழுத்துப் போடுங்க.”

தாளை வாங்கிய மனைவிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. “அப்போ, முன்னாடி இருந்தவங்கள ஸ்பீக்கருக்காகத்தான் காலி பண்ணச் சொன்னீங்கன்னு...”

“ஆமா, பின்ன? ரெண்டு வருஷமா ஒரு ஸ்பீக்கர்ல ஒயரத் திருப்பி மாட்டியிருந்தாங்கம்மா. தெனமும் இடிச்சேன், கடைசி வரைக்கும் மாத்தவே இல்லையே!”