மடக்கிய குடை

"தம்பி, உந்தா போற அம்மா ஏன் கொட்டுற மழைக்குள்ள குடையை மடக்கிக்கொண்டு போறா?"

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியிருந்த திரேசா டீச்சர், வராந்தாவில் நின்றபடி கீழே காட்டினார். பங்களா மேட்டில் இருந்தது. கீழே வளைந்து போகும் ரோட்டில், கொழுந்து பறித்து முடித்த ஒரு பெண் லயத்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

கணேஸ் அவசரமாகத் தன் கறுப்புக் கோட்டைச் சரிசெய்துகொண்டான். பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களா இப்போது ஹோட்டல். விருந்தாளிகளை வரவேற்பதும், பங்களாவின் கதையைச் சொல்வதும் அவன் வேலை. சொல்ல ஆரம்பித்தால் மூச்சு விடக்கூட மறந்துவிடுவான். இன்றைக்கு மட்டும் கொஞ்சம் தடுமாறினான்.

"அது அந்தக் காலத்துப் பழக்கங்க, டீச்சர். வெள்ளைக்காரத் துரை இந்தப் பங்களாவக் கட்டி நூத்திமுப்பது வருசம் ஆச்சு. தோட்டத்து ஆளுங்க இதைத் தாண்டிப் போறப்ப குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறினா வேலைய நிறுத்திருவாங்க."

"இப்பவும் இஞ்சை துரை இருக்கிறாரே?"

"இல்லீங்க. கடைசித் துரை போயே இருவது வருசம் ஆச்சு. அவர் படுத்த ரூம்லதான் நீங்க இருக்கீங்க. போன கிழமை துரைமாருங்க டான்ஸ் ஆடின ஹோல்ல ஒரு கல்யாணம் நடந்துச்சு."

"ஐயோ பாவம். ஆரும் அவவுக்கு எடுத்துச் சொல்லேல்லையே?"

"சொல்லணுங்க" என்றான் கணேஸ். அது தன்னைப் பெற்ற அம்மா என்று சொல்ல மட்டும் அவனுக்கு நா எழவில்லை.

வேலை முடிந்ததும் கோட்டை ஹோட்டல் அலுமாரியில் மாட்டிவிட்டு லயத்துக்கு இறங்கினான். அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். நடுநடுவே இருமல் வேறு. பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கோபமும் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னைக்கும் மடக்கினியாம்மா?"

"ரெண்டு எட்டுதானேடா."

"போன மாசம் காய்ச்சல்ல நாலு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தது மறந்துபோச்சா? வத்தேகம டவுன்ல தேடி நல்ல குடையா வாங்கிக் குடுத்தது மடக்கிக்கிட்டுப் போகவா? பாக்குறவங்க கேக்குறாங்க, எனக்கு மானம் போகுது."

அம்மா தேத்தண்ணியை ஊற்றி நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"இனி ஒரு நாள் மடக்கினே, அந்த ஹோட்டல் வேலையே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன்."

அம்மா பதறிப்போனாள். "ஐயையோ, அப்பிடி எதுவும் செஞ்சுராத சாமி!"

"அப்ப சொல்லு. இல்லாத துரைக்கு எதுக்கு இந்த மரியாத?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"துரைக்கு மடக்குன காலத்துல தலையக் குனிஞ்சுக்கிட்டுல்லடா போனோம். நீ வீட்டுக்கு வர்றப்ப கோட்டக் கழட்டி வச்சுட்டு வந்துர்ற. துரை நின்ன வராந்தாவுல எம்புள்ள கோட்டுப் போட்டு நிக்கிறத நிமிந்து பாக்கலாம்னா, இந்தக் குடை மறைக்குதேடா!"