ஃபாங் பெரியம்மாவின் பை

"பையை அவுரு" என்றாள் ஃபாங் பெரியம்மா.

மரிட்சா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பின்னால் குடியிருப்புக்காரர்கள் ஆளுக்கொரு குப்பைப் பையோடு வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பெரு நாட்டிலிருந்து சீனாவின் நிங்போ நகரத்துக்கு வேலைக்கு வந்து இன்னும் ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. அவளுக்குக் கல்லூரியில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிற வேலை. புருஷன் ரோமுலோவுக்குத் துறைமுகக் கம்பெனியில் உத்தியோகம். வேலை பழகிவிட்டது, குச்சியால் சாப்பிடுவதும் பழகிவிட்டது. குப்பை கொட்டத்தான் பழகவில்லை.

ஈரக் குப்பையைப் பையோடு போடக் கூடாது. சாயங்காலம் குப்பைக் கொட்டகையைத் திறப்பார்கள். கையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஃபாங் பெரியம்மா வாசலில் நிற்பாள். அவள் கண்முன்னால் அவிழ்த்து, பிரித்து, கொட்டிவிட்டுப் போக வேண்டும். நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவள். இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரியே குப்பையையும் பார்ப்பாள்.

வேறு வழியில்லாமல் மரிட்சா அவிழ்த்தாள். பெரியம்மா உள்ளேயிருந்து காலி நூடுல்ஸ் கிண்ணத்தை எடுத்து, வரிசைக்கே தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தாள்.

"இன்னைக்கும் இதுவா? இது மனுஷங்க திங்கிற சாப்பாடா?"

மரிட்சாவின் போன் அதைக் கேட்டு, குழைந்த ஆண் குரலில் மொழிபெயர்த்தது. "அன்புடையீர், இன்றும் இதுதானா? இது மனிதர் உண்ணும் உணவா?"

வரிசை கொல்லென்று சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் மரிட்சா தீர்த்துச் சொல்லிவிட்டாள். நம்ம எச்சிலை ஊருக்குக் காட்டுகிற இடத்தில் இனி இருக்க முடியாது, வேறு வீடு பார். ரோமுலோவுக்கு மனசில்லை. ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரிகிற வீடு, ஆபீசுக்கு நடந்தே போய்விடலாம். வீட்டைக் காப்பாற்ற அவனும் ஒரு வேலை செய்து பார்த்தான். குப்பையை லேப்டாப் பைக்குள் மறைத்து ஆபீசுக்குக் கொண்டுபோனான். நூடுல்ஸ் சாறு ஒழுகி, மீட்டிங்கில் மேனேஜர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். அதோடு அந்த யோசனை செத்தது.

"எல்லாருமா இப்படி இருக்காங்க? நம்ம கீழ்வீட்டு லூ தம்பியைப் பாரேன்" என்றான் ரோமுலோ.

அது வாஸ்தவம்தான். அடிக்கடி அவர்கள் வீட்டுக் கதவுப் பிடியில் ஒரு பை தொங்கும். உள்ளே டப்பா நிறைய, பூண்டுத்தாளும் இறைச்சியும் வைத்த கொழுக்கட்டை ஆவி பறக்க இருக்கும். மாட்டிவிட்டுப் போகிற ஆள்தான் கண்ணில் பட்டதேயில்லை. எப்போது பார்த்தாலும் சிரிக்கிற லூவாகத்தான் இருக்கும் என்று மரிட்சா முடிவு கட்டி, போனை நீட்டி நன்றி சொன்னாள். லூ ஒரு கணம் முழித்தான். பிறகு, இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று அடக்கமாகத் தலையாட்டினான். கழுவிய டப்பாக்களையும் வாங்கிக்கொண்டான். கூடவே அவள் கொடுத்த ஊர்க் காபிப்பொடியையும்.

சனிக்கிழமை புது வீடு பார்க்கப் போவதென்று ஏற்பாடாயிற்று. போவதற்கு முன்னால் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும் மரிட்சாவுக்கு. எல்லோரும் போனபிறகு, கொட்டகையைப் பூட்டுகிற நேரத்தில்தான் பெரியம்மா தன் பையைக் கொண்டுவந்து போடுவாள் என்பதை அவள் கவனித்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் குப்பையைக் கொட்டிவிட்டும் அங்கேயே நின்றாள். கடைசியாக வந்த லூவும் இருந்தான்.

பெரியம்மா தன் பையை எடுத்ததும் மரிட்சா குறுக்கே போய் நின்று போனை நீட்டினாள். "அவுருங்க. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

பெரியம்மா பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "கிழவி பையில என்ன இருக்கப்போவுது? வீட்டுக்குப் போ பொண்ணே."

"ஆமா பெரியம்மா, சட்டம்னா சட்டம்தான்" என்று எடுத்துக் கொடுத்தான் லூ.

அவனை முறைத்துக்கொண்டே பெரியம்மா முடிச்சை அவிழ்த்தாள்.

மேலே காலி மாவுப் பாக்கெட். அதன் கீழே பூண்டுத்தாளின் வேர்ப்பகுதி ஒரு கற்றை. மரிட்சாவுக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும். அவள் கதவுப் பிடியில் தொங்குகிற வாசனை.

"நீங்களா?"

"கொழுக்கட்டை குடுக்கிறவ நான்னு தெரிஞ்சா, அப்புறம் நான் திட்டினா நீ பயப்படுவியா?" என்றாள் பெரியம்மா எரிச்சலோடு. "தெரிஞ்சது தெரிஞ்சுபோச்சு, என் டப்பாவையாவது திருப்பிக் குடு. ஒண்ணுகூட வரல."

லூ சத்தமில்லாமல் ஒரு அடி பின்னால் வைத்தான்.

மரிட்சா சிரிக்கப் போனாள். அப்போதுதான் பையின் அடியில் கிடந்ததைப் பார்த்தாள். காலி நூடுல்ஸ் கிண்ணங்கள். அவள் தின்கிற அதே நூடுல்ஸ்.

பெரியம்மா வேறு பக்கம் பார்த்தாள். "உங்களுக்குன்னா மாவு பிசையக் கை வருது. ஒத்தை ஆளுக்கு எவ அடுப்பு மூட்டுவா?"

போன் அதை மொழிபெயர்த்து முடித்ததும் மரிட்சா போனைச் சட்டைப் பைக்குள் போட்டாள். இனி அது வேண்டாம். இந்த ஊர்ப் பேச்சில் தடுக்காமல் வருகிற வாக்கியம் அவளுக்கு இது ஒன்றுதான், தினம் கேட்டுக் கேட்டு மனப்பாடமானது. ஒரு கிண்ணத்தை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தாள்.

"இன்னைக்கும் இதுவா? இது மனுஷங்க திங்கிற சாப்பாடா?"

பிறகு பெரியம்மாவின் கையிலிருந்த சிவப்புப் பட்டையை அவிழ்த்து, நழுவப் பார்த்த லூவின் கையில் இறுகக் கட்டினாள். பெரியம்மாவின் தோளைப் பிடித்து, தன் வீட்டு அடுப்பைக் காட்ட லிஃப்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள்.