அவக

"அவகதான் வந்து எடுத்துட்டுப் போனாக."

சாட்சிக் கூண்டில் நின்ற கண்ணம்மை ஆச்சி மறுபடியும் அதையே சொன்னார். வக்கீல் முத்தழகுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவக என்றால் யார்? கேட்டுக் கேட்டு அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஆச்சி பிடி கொடுக்கவே இல்லை.

காணாமல் போனவை, நேமத்தான்பட்டியில் பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான பெரிய வீட்டின் வெள்ளிச் சாமான்கள். புகார் கொடுத்தவர் ஆச்சியின் கணவர் தேனப்பச் செட்டியார். காவல்காரர் சொக்கு, வெளியாட்களைச் சேர்த்துக்கொண்டு சாவியைத் திருடிச் சாமான் அறையைத் திறந்து எடுத்தார் என்று வழக்கு. செட்டியாரே எடுத்து விற்றுவிட்டு, பங்காளிகள் கேட்டதும் பழியை என் தலையில் போட்டுவிட்டார் என்கிறார் சொக்கு.

இலவச சட்ட உதவியில் முத்தழகு தலையில் வந்து விழுந்த வழக்கு இது. சொக்குவுக்கு ஜாமீன் உத்தரவாகியும், வந்து கையெழுத்துப் போட ஓர் ஆள் கிடைக்கவில்லை. இன்றும் போலீஸ்காரர்தான் ஜெயிலிலிருந்து கூட்டிவந்து நிறுத்தியிருந்தார்.

ஆச்சி உள்ளே நுழைந்ததும் நேரே சொக்குவிடம் போய், சாப்பிட்டாயா என்று விசாரித்துவிட்டுத்தான் கூண்டில் ஏறினார். தன் தரப்புச் சாட்சியே இப்படிச் செய்ததும் அரசு வக்கீலின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இந்த அம்மாள் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று முத்தழகு அப்போதே நம்பிவிட்டாள்.

நம்பி என்ன செய்ய? ஆச்சி சொன்னதைக் கேட்டுத் தட்டச்சுக்குச் சொன்ன நீதிபதி, அவர்கள் வந்து அறையைத் திறந்து எடுத்துச் சென்றார்கள் என்று முடித்துவிட்டார். மரியாதைக்குச் சொன்ன ஓர் 'அவக', காகிதத்தில் ஏறியதும் ஒரு கூட்டமாகிவிட்டது. போலீஸ் எழுதிய கதையோடு அது கச்சிதமாகப் பொருந்தியும் போனது.

முத்தழகு கத்தாத குறைதான். இந்தப் பக்கத்துப் பெண்கள் பேர் சொல்லாமல் வெறுமனே அவக என்றால் அது வீட்டுக்காரர்தான் ஐயா, சிங்கம்புணரியில் என் அம்மாவும் அப்படித்தான் சொல்கிறாள் என்றாள்.

நீதிபதி கோயம்புத்தூர்க்காரர். உங்கள் அம்மா இந்த வழக்கில் சாட்சியா என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது.

சிரிக்கட்டும். இதற்குத்தானே ராப்பகலாகச் சட்டம் படித்தாள். தங்கச்சி பேங்க் வேலைக்குப் போய் நேரத்துக்கு வீடு திரும்புகிறாள். இவள் கறுப்புக் கோட்டுக்குள் வெந்துகொண்டு, ஒரு வாய்தாவுக்கும் அடுத்த வாய்தாவுக்கும் நடுவில் ஆயுளைக் கழிக்கிறாள். வக்கீலம்மாவுக்கு என்ன குறைச்சல் என்று ஊரில் கேட்கிறார்கள். ஒரு நாள் வந்து இந்த ஆச்சியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கட்டும்.

செட்டியார்தானே ஆச்சி எடுத்தாக என்று நேராகவே கேட்டாள்.

அவக எடுத்ததைத்தானே சொல்றேன் என்றார் ஆச்சி.

அவகன்னா யாரு என்றாள்.

எடுத்தவகதான் என்றார்.

செக்குமாடு தோற்றது. பொய் சொல்லவும் மனமில்லை, புருஷனைக் காட்டிக் கொடுக்கவும் மனமில்லை. அதற்கு ஒரு நல்ல சொல்லாகப் பார்த்து ஆச்சி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுவிட்டார். வெளியே நின்று முத்தழகு எவ்வளவு தட்டினாலும் திறப்பதாக இல்லை.

சாப்பாட்டு வேளை. நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். சாட்சி விசாரணை முடிந்தது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சொக்குவின் கதையும் முடிந்தது.

ஆனால் அவர் முன்னால் குனிந்து, வந்தது ஒருத்தரா, பல பேரா, அதை மட்டும் சொல்லுங்கம்மா என்றார்.

பின் பெஞ்சில் செட்டியார் லேசாகச் செருமினார்.

ஆச்சி அந்தப் பக்கம் திரும்பவில்லை. எதிரே நின்ற சொக்குவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தன். ஒருத்தன்தான் வந்தான்."

போச்சு! மரியாதை போனதும் அது செட்டியார் இல்லை என்றாகிவிட்டது. ஆச்சி வேறு யாரை அவன் இவன் என்பார்? காவல்காரனைத்தான். அரசு வக்கீல் திருப்தியாகப் பேனாவை மூடினார். சொக்கு கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டார்.

பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கவே கேட்காதே என்று சீனியர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். முத்தழகு கேட்டாள். வந்த ஆத்திரத்தில் கேட்டாள்.

"யாரு ஆச்சி அந்த ஒருத்தன்?"

"தேனப்பன்."

தட்டச்சுச் சத்தம் நின்றது. நீதிபதி மெதுவாகத் தன் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு, போடும்மா என்றதும் மறுபடி கேட்டது. செட்டியார் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

முத்தழகுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷ அலைச்சலுக்கும் இந்த ஒரு நாள் போதும் என்று தோன்றியது. சொக்குவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, நன்றி சொல்ல ஆச்சியைத் தேடி வராந்தாவுக்கு ஓடினாள்.

காலையில் ஆச்சியும் வந்து இறங்கிய செட்டியாரின் காரை வேப்பமரத்தடியில் காணோம். ஆச்சி படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"பஸ் ஸ்டாண்டுக்கு எங்குட்டு ஆத்தா போகணும்?" என்று கேட்டார்.